பல்சக்கரத்தில் திருநீறு

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. எட்டு வருஷம் பழகிய மனிதரின் பெயர் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? கேட்காமல் இல்லை. முதல் தடவை அவர் எங்கள் கடைக்குச் சாமான் வாங்க வந்தபோது பில் எழுதுவதற்காகக் கேட்டேன். என் கையிலிருந்த பேனாவை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏன் கேக்குற?"

"பில்லுல எழுதணும்ண்ணே."

"பில்லு சாமானுக்கா, எனக்கா? சாமான் பேர எழுது, போதும்."

அதோடு விட்டுவிட்டேன். பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு இழுத்தேன். அவர் அந்தக் கோடு சரியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இது முப்பதுகளில், பினாங்குத் தீவில். ஜார்ஜ் டவுன் என்று துரைமார்கள் சொல்வார்கள், நாங்கள் தஞ்சோங் என்போம். பினாங்கு ரோட்டில் மோட்டார் உதிரிச் சாமான் கடை ஒன்றில் நான் கவுண்டரில் நின்றேன். முதலாளி சீனர், தவுக்கே என்று கூப்பிடுவோம். அந்த மனிதர் டத்தோ கிராமாட் பக்கம் தகரக் கொட்டகை போட்டு, ஓடித் தேய்ந்த காடிகளின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டிக் கொடுக்கிற பிட்டர். காடி என்றால் எங்கள் பேச்சில் மோட்டார் கார்தான். பெயர் சொல்லாத மனிதருக்கு வாடகைக் காடி டிரைவர்களே ஒரு பெயர் வைத்திருந்தார்கள். பல்லெண்ணி. அவர் காதுபடச் சொல்ல மட்டும் யாருக்கும் தைரியம் இல்லை.

அந்தப் பெயர் வந்தது பல்சக்கரத்தால். எஞ்சினின் முன்பக்க மூடிக்குள் இரண்டு பல்சக்கரங்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு சுற்றும். டைமிங் கியர் என்பார்கள். சின்னது இரண்டு சுற்றுச் சுற்றினால் பெரியது ஒரு சுற்று. வால்வுகள் நேரத்துக்குத் திறப்பதும் மூடுவதும் இவற்றின் கையில். சின்னதில் இருபத்தைந்து பல் என்றால் பெரியதில் சரியாக ஐம்பது இருக்க வேண்டும். நாலைந்து பல் போனால் எஞ்சின் போன இடத்தில் நின்றுவிடும். எந்தக் காடிக்கு எந்தச் சக்கரம் என்று பெட்டியின் மேல் எண் அச்சடித்திருக்கும், நாங்கள் எண்ணைப் பார்த்து எடுத்துக் கொடுப்போம். தஞ்சோங் முழுக்க வியாபாரம் அப்படித்தான் நடந்தது, இவர் ஒருவரைத் தவிர.

இவர் எந்தக் காடிக்கு என்று சொல்லவே மாட்டார். சொன்னால் கையில் கிடைத்ததை எடுத்து "இதுதான் அது" என்று தலையில் கட்டிவிடுவோமாம். பழைய சக்கரத்தைக் கோணித்துண்டில் சுற்றிக்கொண்டு வருவார், கவுண்டரில் வைப்பார், "இதுமாதிரி இருக்குறத எல்லாம் கொண்டா" என்பார். பிறகு எண்ண ஆரம்பிப்பார். முதல் பல்லில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு புள்ளி வைத்து வலமாக ஒரு தரம், இடமாக ஒரு தரம். அதோடு முடியாது, நானும் எண்ண வேண்டும். வாய்விட்டு எண்ணக்கூடாது. அவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதுவார், நான் ஒரு துண்டுச் சீட்டில் எழுத வேண்டும், இரண்டையும் ஒன்றாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு நாள் சோம்பல்பட்டு நான் பெட்டியைப் பார்த்து ஐம்பது என்று எழுதிவிட்டேன்.

"நீ எண்ணல" என்றார்.

"ஐம்பதுதானேண்ணே? உங்க சீட்டுலயும் ஐம்பதுதானே?"

"சரியா இருக்கு. ஆனா நீ எண்ணல. உன் உதடு அசையல."

பிறகு எண்ணினேன். ஐம்பதுதான் இருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றே நினைக்கிறேன்.

சாமானில் மட்டும் இந்தச் சந்தேகம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். மணி தெரிய வேண்டுமானால் ஒருவரிடம் கேட்டு, தெருவைத் தாண்டிப் போய் இன்னொருவரிடமும் கேட்பார். காப்பிக் கடையில் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டார். ஒரு கிருத்திகை அன்று முருகன் கோவிலில் அவர் எனக்கு முன்னால் நின்றார். குருக்கள் கொடுத்த திருநீற்றை எல்லோரும் நெற்றியில் இட்டார்கள், இவர் விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"என்னண்ணே பாக்குறீங்க?"

"மணல் கலந்திருக்கான்னு."

குருக்களுக்குக் காது நன்றாகக் கேட்கும், முறைத்தார். இவர் அதை லட்சியம் செய்யாமல் இன்னொரு முறை தேய்த்துப் பார்த்துவிட்டுப் பூசிக்கொண்டார்.

இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வெந்த தழும்பு இருந்தது. ரங்கூனில் எஞ்சின் தீப்பிடித்தது என்றான் ஒருவன். கூட்டாளி திராவகத்தை ஊற்றிவிட்டான் என்றான் இன்னொருவன். கட்டினவள் வெந்நீர் ஊற்றிவிட்டு ஓடிவிட்டாள் என்றான் மூன்றாமவன். அவரையே கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சக்கரம் தேர்ந்தெடுப்பதில் அவருக்கென்று சில பிடிவாதங்கள் உண்டு. பெரிய சக்கரம் அப்போது இரண்டு விதமாக வரும். துணியைப் பசைபோட்டு அழுத்திச் செய்த பைபர் ஒன்று, வார்ப்பிரும்பு ஒன்று. பைபர் சத்தமே போடாது, துரைமார்களுக்கு அதுதான் பிடிக்கும். இரும்பு ஓடும்போது ஊளையிடும். மலைப்பாதையில் ஓடுகிற காடிக்கு இவர் இரும்பைத்தான் போடுவார்.

"சத்தம் தாங்க முடியலையேண்ணே" என்று டிரைவர்கள் புலம்புவார்கள்.

"பைபர் சத்தமில்லாம இருந்துட்டு ஒரு நாள் கழுத்தறுத்துரும். இரும்பு கத்திக்கிட்டே இருக்கும்லா. கத்துறவன் என்ன பண்றான்னு நமக்குத் தெரியும்."

ஒன்று தேய்ந்தால் இரண்டையும் மாற்ற வேண்டும் என்பது அடுத்த பிடிவாதம். பழசு புதுசைத் தின்றுவிடும் என்பார். இதனால் டிரைவர்கள் அவர் எங்கள் கடையில் கமிஷன் வாங்குவதாக நினைத்தார்கள். நாங்களோ, நல்ல சாமானையெல்லாம் வேண்டாம் என்று தள்ளுவதைப் பார்த்து, கடற்கரைப் பக்கத்துக் கடையில் கமிஷன் வாங்குவதாக நினைத்தோம். அங்கேயும் அவரைப் பற்றி இப்படித்தான் நினைத்தார்களாம்.

தள்ளுவதற்கு அவர் ஒரு சோதனை வைத்திருந்தார். எண்ணி முடித்ததும் சக்கரத்தைச் சணல்கயிற்றில் தொங்கவிட்டு, ஸ்பானரின் பிடியால் தட்டி, காதைக் கிட்டே வைத்துக் கேட்பார். மணிபோல் இழுத்து ஒலித்தால் அடுத்த படிக்குப் போகும். மண்ணெண்ணெய் கேட்டு வாங்கி, பல் முழுக்கத் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்து உலர்த்துவார். பிறகு இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்துத் திருநீற்றை அள்ளி, சக்கரம் முழுக்க மெல்லியதாகப் பூசுவார். கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கிய மண்ணெண்ணெய் மெதுவாகக் கசிந்து வந்து, வெள்ளைத் திருநீற்றின் மேல் கறுப்பாக ஒரு மயிரிழைக் கோடு எழும்பும். கோடு வந்தால் சக்கரத்தைத் தள்ளிவிடுவார்.

முதல் தடவை இதைப் பார்த்த தவுக்கே பயந்துவிட்டார். "அப்பா இனி? செம்பாயாங்கா?" என்று என்னிடம் மலாயில் கேட்டார். என்ன இது, பூஜையா என்று. கடையில் ஊதுபத்தி ஏற்றிச் சீன சாமியைக் கும்பிடுகிறவர் அவர், இன்னொரு சாமி கடைக்குள் வருவதில் அவருக்குச் சம்மதமில்லை. சோதனைதான் என்று விளக்கிச் சொன்னேன். நம்பவில்லை. டிரைவர்களும் நம்பவில்லை. சக்கரத்துக்குத் திருநீறு பூசினால் அது பூஜை இல்லாமல் வேறென்ன? சிலர் தள்ளி நின்று கும்பிட்டார்கள். பிட்டர் யாரையும் அண்டவிடாமல், குட்டிபோட்ட நாய் மாதிரி பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காப்பார். சுண்ணாம்புப் பொடி பூசினால் ஆகாதா என்று கேட்டேன்.

"விக்கிறவன் என்னத்தக் கலப்பானோ? சாமி பேரச் சொல்லி விக்கிறவன் கொஞ்சமாச்சும் பயப்படுவான்."

இனி என் சங்கதிக்கு வருகிறேன். இதை இத்தனை காலம் நான் யாரிடமும் சொன்னதில்லை. என் தங்கையும் மாப்பிள்ளையும் இப்போது இல்லை, அதனால்தான் எழுத முடிகிறது.

பிட்டர் தள்ளிய சக்கரங்களைத் தவுக்கே கடையின் பின்பக்கம் ஒரு மரப்பெட்டியில் போட்டு வைத்திருந்தார். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு மலாய்க்காரர் வந்து அவற்றை மட்ட விலைக்கு அள்ளிக்கொண்டு போவார். பழைய இரும்பு வாங்குகிறவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மத்தியானம் டத்தோ கிராமாட் வழியாகச் சைக்கிளில் போனபோது, அதே மலாய்க்காரர் அதே சாக்கை நம்முடைய பிட்டரின் கொட்டகை வாசலில் இறக்கிக்கொண்டிருந்தார். பிட்டர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சாக்கை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. கவுண்டரில் நம் சாமானை ஊர் பார்க்கத் தள்ளுவது, பிறகு ஆள் வைத்து மட்ட விலைக்கு வாங்குவது, அதையே எவன் காடியிலோ பூட்டிப் புதுசு விலை வாங்குவது. ஆளுக்கொரு சீட்டாம், திருநீறாம், காவலாம்! என் உதடு அசைகிறதா என்று பார்த்த மனிதர் இப்படிப்பட்டவரா என்று நினைத்தபோது, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளையின் காடி படுத்தது.

என் தங்கை தீவின் மறுபுறம், பாலிக் பூலாவில் இருந்தாள். மாப்பிள்ளை அங்கிருந்து மலைப்பாதை ஏறி இறங்கி ஆயர் ஈத்தாம் வழியாகத் தஞ்சோங்குக்கு வாடகைக் காடி ஓட்டினார். பன்னிரண்டு வருஷத்து அமெரிக்கக் காடி. தங்கைக்குத் தலைப்பிரசவம், ஒன்பதாம் மாதம் முடியப்போகிறது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, இங்கே வைத்துப் பார்க்க முடியாது, வலி எடுத்ததும் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று அங்கிருந்த மருத்துவச்சி சொல்லிவிட்டாள். முன்கூட்டியே அழைத்து வந்து வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் கடைக்கு மேல் ஆறு ஆண்களோடு ஒரே அறையில் இருந்தவன். ஆக எல்லாம் அந்தக் காடியை நம்பித்தான் இருந்தது. அதன் பைபர் சக்கரம் மலையேற்றத்தில் பல்லைக் கொட்டிவிட்டது.

அந்தப் பழைய காடிக்குச் சக்கரம் தஞ்சோங்கில் எங்கள் கடையில் மட்டும்தான் இருந்தது. இரும்பில் ஒரே ஒரு ஜோடி. அடுத்தது கப்பலில் வர இரண்டு மாதமாகும். மாப்பிள்ளை அந்தப் பிட்டரைத்தான் அழைத்து வந்தார். வேண்டாம், அவர் ஆள் சரியில்லை என்று நான் காதில் சொன்னேன். "வேலை சுத்தம்னு எல்லாரும் சொல்றாங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை. கொஞ்சம் வேலை இருக்கிறது, வந்துவிடுகிறேன் என்று பாசாருக்குப் போனார், மார்க்கெட்டை அப்படித்தான் சொல்வோம்.

எண்ணினோம், சரியாக இருந்தது. தொங்கவிட்டுத் தட்டினார். ஒலி நன்றாகத்தான் இருந்தது, அவர் மட்டும் புருவத்தைச் சுருக்கினார். மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, திருநீறு பூசிவிட்டு உட்கார்ந்தார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். கொஞ்சம் குனிந்து ஒரு பல்லின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது வெளியே அவருடைய சைக்கிள் விழுகிற சத்தம் கேட்டது. சைக்கிளை எவனோ கிளப்புகிறான் என்று எழுந்து ஓடினார்.

நான் குனிந்து பார்த்தேன். கோடு இருந்தது.

பல்லின் அடியில், நகம் அளவு நீளத்துக்கு, கறுப்பாக, மெல்லியதாக. அது விரிசல் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்த அதே நொடியில், இது இவர் விரல்நகத்தால் கீறின கோடு என்றும் தோன்றியது. இதையும் தள்ளிவிட்டு அடுத்த மாதம் அந்த மலாய்க்காரரை அனுப்புவார், இருந்த ஒரே ஜோடியும் போனால் என் தங்கை என்ன ஆவாள்? எது எனக்கு வசதியோ அதை நம்பினேன்.

அதற்குள் மாப்பிள்ளை பாசாரிலிருந்து வந்துவிட்டார். கவுண்டரில் திருநீறு பூசிய சக்கரத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். "முருகா, என் பொண்டாட்டி புள்ளையக் காப்பாத்து" என்று மூன்று விரலால் சக்கரத்தை வழித்துத் திருநீற்றை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார். இன்னொரு முறை வழித்து, தங்கைக்கென்று காகிதத்தில் மடித்துக்கொண்டார். நான் தடுத்திருக்கலாம். வாய் திறக்கவில்லை. சக்கரம் பளிச்சென்று ஆகிவிட்டது.

பிட்டர் திரும்பி வந்தார். சைக்கிளை மாடு இடித்துவிட்டதாம். சக்கரத்தைப் பார்த்ததும் கையில் எடுத்து அந்தப் பல்லின் அடியைத் தடவிப் பார்த்தார்.

"யாரு தொட்டது?"

"நான்தான்ண்ணே. திருநீறு எடுத்துக்கிட்டேன்" என்றார் மாப்பிள்ளை.

"அதுல கோடு எழும்பிச்சு. நான் பாத்தேன். பாத்த மாதிரி இருந்துச்சு." என்னிடம் திரும்பினார். "தம்பி, நீ இங்கதானே நின்ன? கோடு இருந்துச்சா?"

"இல்லண்ணே. ஒன்னும் இல்ல."

அவர் என்னையே பார்த்தார். "மறுபடியும் பூசுவோம். ஊறப்போடணும், ஒரு மணி நேரமாவும்."

"போதும்ண்ணே" என்றேன். "கப்பல் வர ரெண்டு மாசம். வேற சாமானுக்கு எங்க போறது? எத்தன தரம் பூசினாலும் கோடு வர்ற வரைக்கும் பூசுவீங்கபோல."

மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். நான் அவருக்குச் சொந்தம். "மச்சான் சொன்னா சரி, கட்டுங்க" என்றார்.

"நான் பூட்ட மாட்டேன்" என்று பிட்டர் சொன்னார். சண்டை போடவில்லை. சுருக்குப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

பாலிக் பூலாவில் இருந்த வேறொருவர் பூட்டினார். ஒன்பது நாள் காடி ஊளையிட்டுக்கொண்டு அருமையாக ஓடியது. நான் கடையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். பத்தாம் நாள் காலையில் தங்கைக்கு வலி எடுத்தது. மலை உச்சிக்குப் பாதி வழியில், ஜாதிக்காய்த் தோட்டத்துக்குப் பக்கத்தில், எஞ்சின் மடமடவென்று சத்தம் போட்டு நின்றது. இரண்டு மணி நேரம் அந்தப் பாதையில் வேறு வண்டி வரவில்லை. பக்கத்தில் இருந்த மலாய்க் குடும்பம் அவளைத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் வீட்டில் கிடத்தி, தங்களால் ஆனதைச் செய்தார்கள். தங்கை பிழைத்தாள். குழந்தை ஆண். தங்கவில்லை.

மாப்பிள்ளை ஆத்திரத்தில் உடைந்த சக்கரத்தைக் கழற்றி மலைப்பள்ளத்தில் வீசிவிட்டார். என்னிடம் வந்து சொன்னது இதுதான்: "அவன் திருநீற்றப் பூசி என்னமோ செய்வினை பண்ணிட்டான் மச்சான். நாம அவன் சொன்னதக் கேக்கலங்குற கோவம்." டிரைவர்கள் நிற்கிற இடத்திலெல்லாம் இதையே சொன்னார். கும்பிட்டவர்களே இப்போது பயந்தார்கள். சிலர் அந்தக் கொட்டகைப் பக்கம் போவதை நிறுத்தினார்கள். கவுண்டரில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல என்னால் முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தனியாக அவருடைய கொட்டகைக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று இன்றுவரை எனக்கே தெளிவில்லை. அவர் திருடன்தான் என்பதற்கு ஒரு சாட்சி கிடைத்தால் ராத்திரி தூக்கம் வரும் என்று நினைத்திருப்பேன்.

மூலையில் பல்சக்கரங்கள் குவிந்து கிடந்தன. எல்லாம் எங்கள் கடைச் சாமான்கள்தான். கிட்டே போய்ப் பார்த்தேன். ஒன்றில்கூட முழுதாகப் பல் இல்லை. வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஐந்தாறு பல்லைச் சுத்தியலால் அடித்து உடைத்திருந்தார்.

"என்ன பாக்குற?" என்றார் பின்னாலிருந்து.

"இதையெல்லாம் வாங்கி ஏன் உடைச்சுப் போட்டிருக்கீங்க?"

"கெடந்தா எவனாச்சும் எடுத்து மாட்டிருவான்."

"அதுக்கு ஏன் மலாய்க்காரர விட்டு வாங்கணும்? நீங்களே வந்து வாங்கலாமே."

"நான் வந்தா, மட்ட விலைக்கு வாங்கத்தான் வேணாம்னு தள்ளுனேன்னு சொல்லுவீங்க."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனாலும் விடவில்லை. "உங்க கொட்டகைக்குள்ள கெடக்குறத எவன் வந்து எடுக்கப் போறான்?"

"நான் எடுப்பேன்" என்றார். "ஒரு நாள் எவனாச்சும் வந்து கால்ல விழுவான். கப்பல் வரலம்பான், வீட்டுல இப்படி இருக்கும்பான். கையில இது ஒன்னுதான் இருக்கும். மனசு எளகிரும், மாட்டிருவேன். எவன நம்பினாலும் என்னைய நம்ப முடியாது தம்பி. நான் என்னையப் பாத்திருக்கேன்."

தழும்புக் கையைத் துணியால் துடைத்துக்கொண்டார்.

"உடைஞ்சதக் கொண்டாந்திருக்கியா?"

"இல்லண்ணே. பள்ளத்துல வீசிட்டாரு."

"உடைஞ்ச எடத்தப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பழைய விரிசல்னா கறுப்பா இருக்கும். பூட்டினவன் இறுக்கிப் பூட்டி உடைஞ்சிருந்தா மின்னும். இனிமே ஒன்னும் தெரியாது." என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "எனக்கு அந்தப் புள்ள செத்ததுலருந்து இதே நெனப்புத்தான். கோடு இருந்துச்சுன்னா, நான் சும்மா எந்திரிச்சு வந்திருக்கக் கூடாது. உன் மாப்பிள்ள கையிலருந்து புடுங்கி அங்கேயே உடைச்சிருக்கணும். கோவிச்சுக்காம சொல்லு. நீ ஒருத்தன்தான் நின்ன. கோடு இருந்துச்சா?"

இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வாயெடுத்தேன். சொன்னால் நாளைக்கு மாப்பிள்ளைக்குத் தெரியும், நாளை மறுநாள் தங்கைக்குத் தெரியும். அண்ணன் பார்த்தான், பார்த்துவிட்டுச் சும்மா இருந்தான் என்று. அதற்குப் பிறகு அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

"இல்லண்ணே."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"நல்லாப் பாத்தேன்ண்ணே. ஒன்னும் இல்ல."

அவர் என் உதட்டைப் பார்க்கவில்லை, கண்ணையும் பார்க்கவில்லை. கோவில் குருக்களையே நம்பாத மனிதர் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"அப்ப என் கண்ணுதான்" என்றார். "வயசாயிருச்சு. இல்லாதத இருக்குன்னு காட்டுது."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு மூன்று மாதம் அவர் கடைக்கு வரவில்லை. ஒரு நாள் காலையில் வந்தார். கோணித்துண்டைப் பிரித்துத் தேய்ந்த சக்கரத்தைக் கவுண்டரில் வைத்தார். "ஆயர் ஈத்தாம் மலையில ஓடுற காடி" என்று தானாகவே சொன்னார். நான் இருந்த மூன்று ஜோடியையும் எடுத்து அவர் முன்னால் பரப்பினேன். அவர் எதையும் தொடவில்லை.

"நீயே பாத்து ஒன்னு எடுத்து வை தம்பி" என்று சொல்லிவிட்டு, பெஞ்சில் போய் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

நான் எண்ணினேன். வலமாக ஒரு தரம், இடமாக ஒரு தரம். தொங்கவிட்டுத் தட்டினேன். மண்ணெண்ணெய் ஊறவைத்து, கடைப்பையனிடம் காசு கொடுத்துத் திருநீறு வாங்கிவரச் சொல்லி, பூசிவிட்டு, கண்ணிமைக்காமல் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு வரவில்லை. மறுபடியும் ஒரு தரம் எண்ணினேன். அவர் எழுந்து வருவார், என்னைத் தள்ளிவிட்டு எண்ணுவார், என் உதடு அசையவில்லை என்று திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். தயவுசெய்து அப்படிச் செய்யுங்கள் என்று மனதுக்குள் அவரைக் கெஞ்சினேன்.

"அண்ணே, ஒரு தரம் வந்து பாத்துருங்க."

"நீ பாத்துட்டேல்ல?"

"பாத்துட்டேன்."

"அப்புறம் என்ன" என்றார், திரும்பாமலே. "கட்டிக் குடு."

கட்டிக் கொடுத்தேன்.